கதையில் என் கையைப் பிடித்தவர்

சினிமாவில் ஜெயிலுக்கு ஒருவரைப் பார்க்கப் போனால் அங்கே வேறு யாருமே இருக்கமாட்டார்கள். ஒரு கம்பிக் கதவு. அந்தப் பக்கம் கைதி, இந்தப் பக்கம் மனைவி. தூரத்தில் ஒரு காவலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார். இருவரும் கம்பிக்குள் விரலைக் கோத்துக்கொண்டு வேண்டியமட்டும் பேசுவார்கள், அழுவார்கள். அழ வேண்டியதெல்லாம் அழுது முடித்த பிறகுதான் காவலர் திரும்பி, "நேரமாச்சு" என்பார்.

கல்யாணமான எட்டாம் மாதம் என் கணவர் ஜெயிலுக்குப் போனபோது, ஜெயிலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்.

எங்கள் ஊர் மாயவரம் பக்கத்துக் குத்தாலத்துக்கு வடக்கே, வாய்க்காலின் கடைமடையில் இருந்தது. ஆற்றில் தண்ணீர் எப்போது வரும் என்பதை வானத்தைப் பார்த்து அல்ல, ரேடியோ செய்தியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆரம்பித்த வருடங்கள் அவை. அந்த வருடமும் தண்ணீர் தாமதமாகத்தான் வந்தது. வந்ததும் கொஞ்சம்தான். குறுவை நாற்று மஞ்சளடித்துக் கிடந்தது. மதகுப் பலகையை யார் தூக்குவது, யார் இறக்குவது என்று என் கணவருக்கும் பக்கத்து வயல்காரருக்கும் காலையில் வாய்ச்சண்டை. இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், ஒருவரை ஒருவர் மாப்ளே என்று கூப்பிட்டுக்கொள்கிறவர்கள். பேச்சு முற்றி இவர் மண்வெட்டிக் காம்பால் தள்ளியிருக்கிறார். அவர் மதகின் கல் விளிம்பில் பின்மண்டை அடிபட விழுந்தார். ஆஸ்பத்திரியில் கண் திறக்காமலே போய்விட்டார்.

கொலை வழக்கு என்று எழுதினார்கள். ஜாமீன் கிடைக்கவில்லை. பிறகு தீர்ப்பில் அது கொஞ்சம் இறங்கி ஏழு வருடம் என்று ஆனது. முதல் நாளிலிருந்தே அவரைத் திருச்சி மத்தியச் சிறைக்குத்தான் அனுப்பினார்கள்.

பார்க்கப் போக வீட்டில் ஆண் துணை யாரும் இல்லை. மாமனார் முன்பே இறந்துவிட்டார். என் கணவரின் அண்ணன் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். தம்பி சென்னையில் புதிதாக வந்த ஒரு கார் கம்பெனியில் சேர்ந்திருந்தார். கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் பண்ணி, "லீவு கேட்டிருக்கேன் அண்ணி, கெடைச்சதும் வர்றேன்" என்பார். அப்படி ஒரு லீவு அவருக்குக் கிடைக்கவே இல்லை. நான் அத்தை என்று அழைக்கும் மாமியாருக்கு மூட்டு வலி, பஸ் படி ஏற முடியாது. என் அப்பா, மருமகன் பெயரைக்கூட வாயால் சொல்ல மறுத்துவிட்டார்.

என்னுடன் வந்தது லாத்தாதான். கடைத்தெரு முனையில் இருந்த முஸ்லிம் வீட்டுப் பெண் அவர். அவர்கள் வீட்டில் அக்காவை லாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் கணவர் துபாயில் ஒரு துணிக்கடையில் இருந்தார். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வருவார். அவர் கொண்டுவந்து கொடுத்திருந்த டி.வி.யிலும் வீடியோ டெக்கிலும் தெருப் பெண்கள் எல்லாரும் உட்கார்ந்து படம் பார்ப்போம். ஜெயில் காட்சிகளை நான் பார்த்தது அந்தக் கூடத்தில்தான்.

"தனியா போவாத. நானும் வர்றேன். எனக்கு மட்டும் இங்க என்ன, யாரு வரப்போறா?" என்றார்.

முதல் முறை போவதற்கு நான் செய்துகொண்ட ஏற்பாடுகளை நினைத்தால் இப்போதும் என்மீதே இரக்கமாக இருக்கிறது. கல்யாணப் புடவைக்கு அடுத்தபடியான நல்ல புடவை. தலை நிறையப் பூ. தூக்குவாளியில் தயிர்சாதம், அவருக்குப் பிடித்த வாழைக்காய் வறுவல். கம்பி வழியாக ஊட்டிவிடலாம் என்றுகூட நினைத்திருந்தேன். முதல் பஸ்ஸில் கும்பகோணம், அங்கிருந்து தஞ்சாவூர், அங்கிருந்து திருச்சி. வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

வாசலில் நீண்ட வரிசை. எங்கள் முறை வந்தபோது காவலர் கேட்டார்.

"உறவு?"

"சம்சாரம்ங்க."

"ரேஷன் கார்டு?"

கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல உங்க பேரு இல்லியேம்மா" என்றார்.

உண்மைதான். என் பெயர் இன்னும் அப்பா வீட்டுக் கார்டில்தான் இருந்தது. கல்யாணமாகி எட்டு மாதத்தில் அதை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

லாத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏங்க, கழுத்துல தாலி தொங்குது. அது கண்ணுக்குத் தெரியலீங்களா?"

"தாலிய பாத்து உள்ள விட ஆரம்பிச்சா, நாளைக்கு இன்னொருத்தங்க தாலியோட வந்து நிப்பாங்கம்மா" என்றார் அவர். குரலில் கடுமை இல்லை. இதை அவர் தினமும் சொல்லியிருப்பார் போல. "வி.ஏ.ஓ.கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. விட்டுடுறோம்."

அன்றைக்கு அவரைப் பார்க்காமலேயே திரும்பினோம். தஞ்சாவூர் பஸ் நிலையத்தில் ஒரு தூண் ஓரமாக உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தேன். சாதம் புளிக்க ஆரம்பித்திருந்தது. லாத்தா கையை நீட்டினார். உருட்டிக் கொடுத்தேன். இருவரும் சாப்பிட்டு முடித்தோம்.

அடுத்த வாரம் வி.ஏ.ஓ. சான்றிதழுடன் போனேன். சமைத்த சோறு உள்ளே போகாது என்று சொல்லித் தூக்குவாளியை வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். பிஸ்கட், பழம், சோப்பு மட்டும் போகலாம். பார்க்க அனுமதி கேட்டு எழுதிக் கொடுக்கிற தாளுக்கு மனு என்று பெயர். நாளாவட்டத்தில் சந்திப்புக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. வரிசையில் நின்ற பெண்கள், "ஒங்களுக்கு இன்னைக்கு மனுவா?", "போன தடவ மனு பாத்தப்ப எளைச்சிருந்தாரு" என்று சாதாரணமாகப் பேசிக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் நானும் அப்படியே பேசப் போகிறேன் என்று அப்போது தெரியாது.

லாத்தா உள்ளே வரவில்லை. "நான் பக்கத்துல நின்னா நீ அவருட்ட என்ன பேசுவே? போ" என்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே கம்பி இல்லை. நீளமான ஒரு கூடம். இந்தப் பக்கச் சுவரில் கொசுவலையைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணுள்ள இரும்பு வலை. ஒரு ஆள் கை நீட்டினாலும் எட்டாத இடைவெளி விட்டு அந்தப் பக்கம் இன்னொரு வலை. நடுவில் இருந்த சந்தில் ஒரு காவலர் முன்னும் பின்னுமாக நடந்துகொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் நாற்பது ஐம்பது பேர் இருப்போம். அந்தப் பக்கம் கதவு திறந்ததும் கைதிகள் ஓடிவந்தார்கள். நடந்து வந்தால் வலையருகே இடம் கிடைக்காது.

எல்லாரும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தார்கள். பக்கத்தில் இருப்பவர் கத்துவதால் நாம் அதைவிட உரக்கக் கத்த வேண்டும். அதனால் அவர் இன்னும் உரக்கக் கத்துவார். மழைக்காலத்தில் தகரக் கூரைக்குக் கீழே நின்றால் கேட்குமே, அப்படி ஒரு இரைச்சல். இரண்டு வலையின் கண்களும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, என் கணவரின் முகம் சிறுசிறு கட்டங்களாகத் தெரிந்தது. ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு கண் தெரிந்தது. இன்னொரு பக்கம் சாய்ந்தால் வாய் தெரிந்தது.

அவர் ஏதோ கேட்டார். கேட்கவில்லை. "என்னங்க?" என்றேன். மறுபடி கேட்டார்.

"நாத்து... நாத்து!"

"காஞ்சிடுச்சுங்க!"

"என்ன?"

"காஞ்சி போச்சு!"

அவர் தலையை ஆட்டினார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த ஒரு வார்த்தையைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. அதை எப்படிக் கத்துவது? எனக்கு வலது பக்கத்தில் ஒரு அம்மாள், "தங்கச்சி வயசுக்கு வந்துட்டாடா!" என்று மகனிடம் கூவிக்கொண்டிருந்தார். இடது பக்கத்தில் ஒருவர் வக்கீலின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். என் புடவையையும் பூவையும் என் கணவர் பார்த்தாரா என்று தெரியவில்லை. நேரம் முடிந்ததென்று விசில் அடித்தார்கள். அந்தப் பக்கம் எல்லாரும் திரும்பினார்கள். அவர் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

வெளியே வந்ததும் லாத்தா எழுந்து நின்றார். "கையப் புடிச்சாரா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன். உள்ளே இருந்ததைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "ரெண்டு வலையா? எதுக்கு ரெண்டு?" என்று பஸ்ஸிலும் கேட்டுக்கொண்டே வந்தார்.

அவருக்குத் துபாயிலிருந்து கடிதம் வராது, கேசட் வரும். கணவர் டேப் ரிக்கார்டரில் பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார். லாத்தா கதவைச் சாத்திக்கொண்டு அதைக் கேட்பார். பதில் பேசிப் பதிவு செய்வார். தஞ்சாவூர் தாண்டி வந்துகொண்டிருக்கும்போது ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "எனக்குக் கொரலு இருக்கு, மொகம் இல்ல. ஒனக்கு மொகம் இருக்கு, கொரலு இல்ல. ரெண்டுபேருஞ் சேந்து ஒரு புருசன வச்சிருக்கோம்."

இருவரும் சிரித்தோம்.

தண்டனை உறுதியான பிறகு மனு நாட்கள் குறைந்தன. இவர் வெள்ளைச் சட்டையும் வெள்ளை அரைக்கால் சட்டையுமாக வந்து நின்றார். அந்த உடுப்பில் பார்த்த முதல் நாள் எனக்கு அடையாளம் தெரியவில்லை, அந்தப் பக்கம் எல்லாருமே ஒரே மாதிரி இருந்தார்கள். கத்திச் சொல்லக்கூடியதை மட்டும் பேசப் பழகிக்கொண்டோம். எருமை கன்று போட்டது. அத்தைக்கு மூட்டு பரவாயில்லை. வயலைக் குத்தகைக்கு விட்டாயிற்று. அண்ணன் சிங்கப்பூரிலிருந்து பேசினார். சுருக்கமாக, தந்தி வாசகம் போல. கத்த முடியாதது எதுவோ அது எங்களுக்குள் இல்லாமலே போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்தால் பேச ஆளில்லை. அத்தை மகனைப் பற்றிக் கேட்பார், சொல்வேன், அழுவார். பிறகு இருவரும் ஆளுக்கொரு மூலையில் படுத்துக்கொள்வோம்.

லாத்தாவும் எல்லா முறையும் வர முடியவில்லை. அவர் பிள்ளைகள் மாயவரத்தில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார்கள். அவர்களை அனுப்பி, அழைத்து வருவதிலேயே பொழுது போனது. நான் தனியாகப் போய்வரப் பழகினேன்.

அந்த நாட்களில்தான் எனக்குப் பால்வாடியில் வேலை கிடைத்தது. மதியம் சாப்பிட்டுவிட்டுக் குழந்தைகள் வரிசையாகத் தூங்கும். ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் எழுத ஆரம்பித்தேன். எழுத்தாளராக வேண்டும் என்ற ஆசையெல்லாம் இல்லை. யாரிடமாவது கத்தாமல் ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

முதலில் எழுதிய கதையே ஜெயில் மனுவைப் பற்றியது. இரண்டு வலை, நடுவில் நடக்கும் காவலர், இரைச்சல், காய்ந்துபோன நாற்று எல்லாம் அப்படியே. ஒரு வார இதழுக்கு அனுப்பினேன். கொஞ்ச நாள் கழித்து உதவி ஆசிரியரிடமிருந்து ஒரு அஞ்சலட்டை வந்தது. கதை நன்றாக இருக்கிறது, ஆனால் சிறையில் சந்திக்கும் காட்சி நம்பும்படியாக இல்லை, சந்தைபோல இருக்கிறது. சிறை விதிமுறைகளை யாரிடமாவது விசாரித்துக்கொண்டு அந்தப் பகுதியை மட்டும் திருத்தி எழுதி அனுப்பினால் பிரசுரிக்கலாம்.

லாத்தாவிடம் காட்டினேன். படித்துவிட்டு அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அந்தாளையே ஒருநாளு உள்ள போட்டா தெரியும்" என்றார். பிறகு, "அவரு கேக்குறமாதிரியே எழுதிக் குடேன். ஒனக்கென்ன?" என்றார்.

எழுதினேன். வலையை எடுத்துவிட்டுக் கம்பி வைத்தேன். மற்றவர்கள் எல்லாரையும் கூடத்திலிருந்து வெளியே அனுப்பினேன். காவலரைத் தூரத்தில் நிற்கவைத்து முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொன்னேன். கணவன் கம்பி வழியாகக் கை நீட்டி மனைவியின் கையைப் பிடித்துக்கொள்கிறான். "உன் கொலுசுச் சத்தத்தை நினைத்துக்கொண்டுதான் தூங்குகிறேன்" என்கிறான். அதை எழுதும்போது ஆசிரியருக்காக எழுதுகிறேன் என்ற நினைப்பே எனக்கு இல்லை. அந்தக் கை எவ்வளவு சூடாக இருந்தது என்று ஒரு பத்தி எழுதினேன். குழந்தைகள் விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது காதில் விழவில்லை.

அது அச்சில் வந்தது. ஓவியர் கனமான கம்பிகளும் தலை நிறையப் பூ வைத்த ஒரு பெண்ணும் வரைந்திருந்தார்.

கதை எழுதுகிறேன் என்று நான் கணவரிடம் சொல்லியிருக்கவில்லை. வலைக்கு இந்தப் பக்கமிருந்து அதை எப்படிக் கத்துவது? ஆனால் ஜெயிலில் நூலகம் உண்டு. வார இதழ்கள் பழையதானாலும் வந்து சேரும். ஊர்ப் பெயரையும் என் பெயரையும் பார்த்து யாரோ அவரிடம் காட்டியிருக்கிறார்கள்.

ஒரு மனு நாளில் அவர் ஓடிவரும்போதே முகம் வேறு மாதிரி இருந்தது.

"கத படிச்சேன்!"

எனக்கு உடம்பு கூசியது. "நல்லாருந்துச்சா?" என்று கத்தினேன்.

அவர் பதில் சொல்வதற்குள், பக்கத்தில் நின்ற வயதான ஒரு கைதி, தன்னைப் பார்க்க வந்தவர்களை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, நீதானா அது? அது எந்த ஜெயிலும்மா? சொல்லு, நாங்க எல்லாரும் மனுப் போட்டு அங்க மாத்திக்கிட்டுப் போயிடுறோம்!"

அந்தப் பக்கம் வரிசையே சிரித்தது. கதையை எல்லாருமே படித்திருந்தார்கள், அல்லது யாரோ படித்துக் காட்டியிருந்தார்கள். நடுவில் நடந்துகொண்டிருந்த காவலரும் சிரித்துவிட்டார். "நான் மொகத்த வேற திருப்பிக்கிறேனாமே" என்றார். எங்கள் பக்கத்துப் பெண்கள் என்ன என்று புரியாமலே சிரித்தார்கள். அந்தக் கூடத்தில் சிரிப்பு கேட்டது அன்று ஒருநாள்தான். சிரிப்பில் எல்லாரும் கத்துவதை ஒரு கணம் நிறுத்திவிட்டார்கள். அந்த அமைதியில் என் கணவர் சாதாரணக் குரலில் பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"அந்தாளு நல்லா பேசுறான்" என்றார்.

பிறகு இரைச்சல் மறுபடி எழுந்துவிட்டது.

ஊர் வந்து சேரும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது சரி. கதையில் வந்த ஆள் அவர் இல்லை. கொலுசு என்று ஒன்று என் காலில் இருந்ததையே அவர் பார்த்திருக்கமாட்டார். எட்டு மாதத்தில் அவர் என்னோடு பேசியது வயல், சாப்பாடு, தூக்கம், அவ்வளவுதான். அவரைச் சரியாகத் தெரிந்துகொள்வதற்குள் கொண்டுபோய்விட்டார்கள். மிச்சத்தை நானே இட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். இரவில் நான் பேசிக்கொண்டிருந்தது கதையில் வந்தவரோடு. பதினைந்து நாளைக்கு ஒருமுறை பார்க்கப் போனது வேறு ஒருவரை. இது புரிந்த பிறகு வீடு முன்னைவிடக் காலியாக இருந்தது.

அடுத்த மனு நாளில் அவர் வலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். எதையோ சொல்லத் தயாராக வந்திருக்கிறார் என்று தெரிந்தது. வாயைத் திறந்தார். கேட்கவில்லை.

"என்னங்க?"

மறுபடி சொன்னார். கழுத்து நரம்பு புடைத்தது.

"கேக்கலீங்க!"

மூன்றாம் முறையும் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. காதைக் கையால் குவித்து வலையோடு ஒட்டிக்கொண்டேன். எனக்குப் பக்கத்தில் கட்டம்போட்ட புடவை கட்டிய ஒரு பெண் நின்றிருந்தாள். அவள் நின்ற இடத்துக்கு நன்றாகக் கேட்டிருக்கிறது. தன் கணவனோடு பேசுவதை நிறுத்திவிட்டு என் காதருகே குனிந்து சொன்னாள்.

"நீங்க வர்ற அன்னைக்கு மட்டுந்தான் சவரம் பண்ணிக்கிறாராம்க்கா."

நான் நிமிர்ந்து பார்த்தேன். வலையின் கட்டங்கள் வழியாக அவருடைய தாடை தெரிந்தது. மழித்து, ஒரு இடத்தில் வெட்டுப்பட்டிருந்தது.

ஊரைக் கூட்டிச் சொல்கிற பதில் எதுவும் எனக்கு வரவில்லை. "சரிங்க!" என்று கத்தினேன். அவரும் தலையை ஆட்டினார். விசில் அடித்துவிட்டார்கள்.

அந்தக் கட்டம்போட்ட புடவைக்காரியை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை. அவள் கணவனை விடுதலை செய்திருக்கலாம், வேறு ஜெயிலுக்கு மாற்றியிருக்கலாம். என் கல்யாண வாழ்க்கையில் என் கணவர் சொன்ன மிக அன்பான வார்த்தை அவளுடைய குரலில்தான் எனக்குக் கிடைத்தது.

நன்னடத்தைக்காகக் கொஞ்சம் முன்பே அவரை விட்டார்கள். அழைத்துவர நான் போனேன். அந்தக் காலத்துக்குள் எங்கள் பகுதியே மாறியிருந்தது. கடைத்தெருவில் பூத்துகள் இரண்டு மூன்றாகியிருந்தன, கேபிள் டி.வி. வந்திருந்தது. லாத்தாவும் பிள்ளைகள் படிப்புக்காகச் சென்னைக்குக் குடிபோயிருந்தார். அண்ணன் சிங்கப்பூரிலேயே தங்கிவிட்டார். பஸ்ஸில் என் கணவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். இத்தனை வருடத்துக்குப் பிறகு முதல் முறையாக அவருடைய தோள் என் தோளில் பட்டது. நான் ஒருகணம் விலகிக்கொண்டேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை. அவரும் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். கும்பகோணம் வரை நாங்கள் பேசவில்லை.

வீட்டிலும் அப்படித்தான். கத்த வேண்டிய அவசியம் இல்லாத இடத்தில் எங்களுக்குப் பேசத் தெரியவில்லை. நான் சமையலறையில் இருந்து ஏதாவது கேட்டால் அவர் ஊருக்கே கேட்கிற மாதிரி பதில் சொல்வார். சொல்லிவிட்டுத் தன் குரலுக்குத் தானே திடுக்கிடுவார். பிறகு மணிக்கணக்கில் பேச்சே இருக்காது. நான் கதைகள் எழுதினால் வாங்கிப் படிப்பார். நன்றாக இருக்கிறது, இல்லை என்று எதுவும் சொல்லமாட்டார்.

வயலுக்குப் போக வேண்டுமானால் வாய்க்கால் கரை வழியாகத்தான் போக வேண்டும். இறந்தவர் வீடு அந்தக் கரையில் இருந்தது. அவருடைய மனைவி வாசலில் சாணம் தெளிப்பார், பாத்திரம் கழுவுவார். இவர் முதலில் சுற்றிப் போனார். ஒருநாள் காலை வேட்டி மாற்றிக்கொண்டு, நேராக அந்த வீட்டுக்கே போனார். நான் தெருமுனையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் போய் நின்றார். அந்த அம்மாள் வெளியே வந்து பார்த்தார். கத்தவில்லை, திட்டவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இவர் கொஞ்ச நேரம் சாத்திய கதவைப் பார்த்து நின்றுவிட்டுத் திரும்பினார்.

"திருப்பூர் போறேன். சாயப்பட்டறையில ஆளு கேக்குறாங்களாம். உள்ள எங்கூட இருந்த ஒருத்தரு அங்கதான் இருக்காரு" என்றார் அன்றைக்கே.

"நான்?"

"அம்மாவ யாரு பாத்துக்குவா? ஒனக்கும் வேல இருக்கு."

அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் பக்கத்து ஆண்கள் பாதிப்பேர் அப்போது ஏதாவது ஒரு ஊருக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். ஜெயிலுக்குப் போய்வந்தவருக்குப் பாஸ்போர்ட் கிடைப்பது கஷ்டம், அதனால் திருப்பூர். அவ்வளவுதான் வித்தியாசம்.

கும்பகோணம் பஸ் நிலையத்துக்கு வழியனுப்பப் போனேன். முகூர்த்த நாள், ஒரே கூட்டம். தஞ்சாவூர் தஞ்சாவூர் என்று ஒரு பக்கம், மாயவரம் என்று ஒரு பக்கம் கண்டக்டர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள். வண்டிகள் உறுமிக்கொண்டு நின்றன. கேசட் கடையில் இரண்டு பாட்டுகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காத அந்த இரைச்சலில், அவர் பையைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். ஜெயில் கூடத்தில் கேட்ட அதே குரல்.

"அன்னைக்கு அவன் விழுந்தான்ல, மதகுல?"

"ம்."

"விழறப்ப மாப்ளேன்னான். திட்டல. கோவத்துல சொல்லல. புடிச்சுக்கடாங்கற மாதிரி கைய நீட்டினான். நான் மண்வெட்டிய கையில வச்சிருந்தேன். அத கீழ போடத் தோணல."

கோர்ட்டில் சொல்லாதது அது. என்னிடமும் சொன்னதில்லை. சுற்றி அத்தனை பேர் நின்றார்கள், ஒருவர் காதிலும் அது விழவில்லை. எனக்கு மட்டும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அவருடைய கையைப் பிடிக்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் தஞ்சாவூர் வண்டி நகர ஆரம்பித்தது. "ஏறுங்க, ஏறுங்க" என்று கண்டக்டர் விசில் கொடுத்தார். அவர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் ஏறிவிட்டார்.

திருப்பூரில் அவர் பல வருடங்கள் இருந்தார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் பூத்துக்குப் போன் பண்ணுவார். இயந்திரச் சத்தத்துக்கு நடுவிலிருந்து பேசும்போது நன்றாகவே பேசினார். அத்தை போன பிறகு வயலை விற்றுவிட்டோம். கால் நரம்பு இழுத்துக்கொண்டு வேலை செய்ய முடியாமல் ஆனதும் அவர் திரும்பி வந்தார். இப்போது கும்பகோணத்தில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். ஜெயில்களில் வலையை எடுத்துவிட்டுக் கண்ணாடியும் போனும் வைத்திருப்பதாகச் சொல்கிறார்கள். ஒரு கல்லூரிப் பெண் என்னிடம் வந்து, கதைகளில் வரும் சிறைச் சந்திப்பெல்லாம் நிஜமா என்று ஆராய்ச்சிக்காகக் கேட்டாள். எனக்குத் தெரிந்த விதிகளைச் சொன்னேன். ரேஷன் கார்டு, சான்றிதழ், சோறு கூடாது, பழம் போகலாம், இரண்டு வலை. அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். உள் அறையில் அவர் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். அவள் போன பிறகு நான் ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.